ஆற்றிலிருந்து துண்டுபட்ட தண்ணீரில் தூண்டில் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தூண்டில் போடும் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்குவாதம் எப்படியும் வந்துவிடும். "ஆத்துலதானே தடை, இது ஆறே இல்லையே, தனியா நிக்கிற தண்ணிதானே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அதெல்லாம் கிடையாது, இந்த ஊர்ல எல்லாத் தண்ணியும் கவர்மென்ட் தண்ணி, எங்கேயும் போடக்கூடாது" என்று இன்னொருவர் முடிப்பார். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. மீதிப் பாதி கேள்வி கேள்வியாகக் கீழே இருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை, வார இறுதியில் ராடும் கையுமாக அலைகிற ஆள், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்க: ஆற்றோடு தொடர்பு அறுந்துபோன தண்ணீருக்கும் மீன்பிடி விதி உண்டா?

உண்டு. சிங்கப்பூரில் இது ஆறா குளமா என்று பார்த்து விதி வருவதில்லை, அந்தத் தண்ணீரும் அதன் கரையும் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்துத்தான் வருகிறது. ஓட்டம் நின்றுபோனாலும் நடுவில் சுவர் எழுந்தாலும் பொறுப்பு மாறாது. "துண்டுபட்டுப்போச்சு, இனி யாருக்கும் சொந்தமில்லை" என்று சொல்லக்கூடிய தண்ணீர் இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து எங்கேயும் இல்லை.

துண்டுபட்ட தண்ணீர் என்று எதைச் சொல்றீங்க? நம்ம ஊர்ல அப்படி ஏதாவது இருக்கா?

பெரிய நாடுகளில் ஆறு வளைந்து வளைந்து ஓடும். ஒரு பெரிய வெள்ளத்தில் வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விடும், பழைய வளைவு பிறை மாதிரி ஒதுங்கி நின்றுவிடும். புவியியல் பாடத்தில் குருட்டு ஆறு என்று படித்திருப்பீர்கள். நம்மிடம் அதற்கெல்லாம் இடமில்லை. ஆறுகளில் மிக நீளமான காலாங் ஆறே சுமார் 10 கிலோமீட்டர்தான், லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கிக் காலாங் பேசினில் முடிந்துவிடுகிறது. இங்கே ஆற்றை அறுப்பது வெள்ளம் இல்லை, பொறியாளர்.

அதுவும் பல விதமாக. அதிகம் நடந்தது, ஆற்றின் வாயை அணைபோட்டு அடைத்தது. ஜூரோங் ஆற்றின் மேல்பகுதியை 1971-ல் அடைத்ததால் வந்ததுதான் ஜூரோங் ஏரி. கிராஞ்சி ஆறு 1975-ல் நீர்த்தேக்கம் ஆனது, சிலேத்தார் ஆறு 1986-ல் லோவர் சிலேத்தார் ஆனது, பொங்கோல், சிராங்கூன் ஆறுகள் 2011-ல். மரினா அணைக்கட்டு 2008-ல் திறந்தது, அதன் உள்பக்கத் தண்ணீர் 2010-ல் முழுக்க நன்னீராகிவிட்டது. சிங்கப்பூர் ஆறு, காலாங், கேலாங், ரோச்சோர் எல்லாம் இப்போது கடலில் கலப்பதில்லை, மரினா நீர்த்தேக்கத்தில்தான் கலக்கின்றன.

இரண்டாவது, மேலே வெட்டித் திருப்பியது. புக்கிட் தீமா கால்வாயில் வரும் வெள்ளத்தின் ஒரு பகுதியை உலு பாண்டான் பக்கம் திருப்பிவிடும் கால்வாயை 1972-ல் முடித்தார்கள். பிறகு இன்னொரு கால்வாய் போட்டு காலாங் ஆற்றுப் பக்கமும் திருப்பினார்கள். மூன்றாவது, மதகு வைத்த சதுப்பு நிலக் குளங்கள். பழைய இறால் பண்ணைகள் பல அப்படித்தான் இருந்தன. நாலாவது ரொம்பச் சாதாரணமானது: அலை இறங்கும்போது சேற்றில் தங்கிவிடும் குட்டை, கட்டுமானத் தடுப்புக்குள் மாட்டிக்கொண்ட கால்வாய்த் துண்டு, மழைக்குப் பிறகு பூங்காவில் தேங்கி நிற்கும் தண்ணீர்.

சரி, யார் பொறுப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் உண்மையான கேள்வி.

நீர்த்தேக்கம், ஆறு, பெரிய கால்வாய் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம், நாம் பியூபி என்று சொல்வது. நாட்டில் 17 நீர்த்தேக்கங்கள், நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதி, அதில் விழும் தண்ணீர் கடைசியில் குழாயில் வருகிறது. அதனால் பியூபியைப் பொறுத்தவரை இது மீனைப் பற்றிய விதியே இல்லை, குடிதண்ணீரைப் பற்றிய விதி. இப்படிப் பார்த்தால் பல விஷயம் தானாகப் புரியும், ஏன் உயிர் இரை கூடாது என்பது உட்பட. குறிப்பிட்ட நீர்த்தேக்கங்களில் குறிப்பிட்ட கரைப்பகுதியில் மட்டும் தூண்டில் போடலாம். மற்ற இடத்தில் போட்டால் 3,000 வெள்ளி வரை அபராதம்.

பூங்கா, பூங்காவுக்குள் ஓடும் ஓடை, குளம், கடற்கரைப் பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம். அவர்களும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கு வெளியே போட்டால் 5,000 வெள்ளி வரை போகலாம். இயற்கை வனப்பகுதி என்று அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடம் என்றால் கதையே வேறு. அங்கே உயிரினத்தைப் பிடிப்பதற்கு 50,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதில் குழப்பம் எங்கே வரும் என்றால், ஒரே தண்ணீருக்கு இரண்டு பேர் பொறுப்பாக இருப்பார்கள். மெக்ரிட்சி, அப்பர் பியர்ஸ், லோவர் பியர்ஸ், அப்பர் சிலேத்தார் நாலும் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியை ஒட்டியவை. தண்ணீர் பியூபியுடையது, பின்னால் நிற்கும் காடு பூங்காக் கழகத்துடையது. தூண்டில் போட ஒதுக்கிய கரையிலிருந்து கொஞ்சம் நடந்து, மரநிழலாக இருக்கிறதே என்று காட்டோரமாக நின்றுவிட்டால், மீன் அதே மீன்தான், விதிப்புத்தகம் வேறு. எங்கே தூண்டில் விழுகிறது என்பதோடு எங்கே கால் நிற்கிறது என்பதையும் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மேற்கே முராய், பொயான், சாரிம்பூன் நீர்த்தேக்கங்கள் ராணுவத்தின் சுடும் பயிற்சிப் பகுதிக்குள் இருக்கின்றன. அங்கே மீன்பிடி விதியைப் பற்றிப் பேசவே வேண்டாம், உள்ளே போவதே குற்றம்.

எங்கே போடலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்துடுங்களேன்?

பிடோக், லோவர் சிலேத்தார், கிராஞ்சி, பாண்டான் நீர்த்தேக்கங்களில் ஒதுக்கிய இடம் உண்டு என்பது தூண்டில்காரர்களுக்குப் பழக்கமான விஷயம். ஆனால் முழுப் பட்டியலை இங்கே போட மாட்டேன். கரைச் சீரமைப்பு, ஏதாவது பராமரிப்பு என்று இடங்களை அடைப்பார்கள், திறப்பார்கள், எல்லையை மாற்றுவார்கள். பழைய பட்டியலை நம்பிப் போய் நிற்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பியூபி இணையத்தளத்திலும் பூங்காக் கழக இணையத்தளத்திலும் வரைபடத்தோடு இருக்கிறது, கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

போர்டே இல்லாத இடம் என்றால் போடலாம் என்றுதானே அர்த்தம்?

இல்லை, நேர்மாறு. "இங்கே மீன் பிடிக்கலாம்" என்று பலகை இருந்தால்தான் அது ஒதுக்கப்பட்ட இடம். தடைப் பலகை இல்லை என்பது அனுமதி ஆகாது. கார் நிறுத்துமிடக் கோடு இல்லாத புல்தரையில் காரை ஏற்றிவிட்டு "நிறுத்தக்கூடாதுன்னு எழுதலையே" என்று கேட்பது மாதிரிதான். குடியிருப்பு புளோக்குகளுக்கு நடுவே ஓடும் கால்வாயில் நூறு அடிக்கு ஒரு பலகை வைக்க யாராலும் முடியாது.

எனக்கு முன்னாடியே அங்கே நாலு அங்கிள் உட்கார்ந்து பிடிச்சிட்டிருக்காங்களே?

அவர்களுக்கும் அபராதம் வரும். அவ்வளவுதான்.

அணைக்கட்டின் மேல் நின்று கடல் பக்கமாக வீசினால்?

கிராஞ்சியிலும் பொங்கோலிலும் இது ஓயாத கேள்வி. ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் ஜொகூர் நீரிணை, நடுவில் நீங்கள். கடல் பக்கம் நீர்த்தேக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் நிற்கும் அணை, மதகு, கைப்பிடிச் சுவர் எல்லாம் நீர்த்தேக்கக் கட்டமைப்பின் பகுதி. அங்கே நிற்க அனுமதி உண்டா, நின்று தூண்டில் வீச அனுமதி உண்டா என்பது தனித்தனிக் கேள்வி. அதோடு கனமழையில் கடல்நீர் இறங்கியிருக்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிட்டால் அடிக்கும் வேகம் சாதாரணமானது இல்லை. நான் அங்கே வீச மாட்டேன். கடல்மீன் வேண்டுமென்றால் கடலோரப் பூங்காக்களில் அதற்கென்று ஒதுக்கிய இடமும் படகுத்துறையும் இருக்கும்போது அணையில் ஏறி நின்று மல்லுக்கட்டுவானேன்?

பீஷான் பூங்காவில் ஆறு திறந்துதானே கிடக்கு? பிள்ளைகள் சின்ன வலையை வைத்து கப்பி மீன் பிடிக்கிறார்களே?

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் இருப்பது கதையை மாற்றிப்போட்ட இடம். முதலில் ஆற்றை நேராக்கி 2.7 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் வாய்க்கால் ஆக்கினார்கள். அப்புறம் அந்தக் கான்கிரீட்டை உடைத்து 3.2 கிலோமீட்டருக்கு வளைவு நெளிவோடு திரும்ப ஓடவிட்டார்கள், 2012-ல் திறந்தார்கள். மழை விட்டதும் போய்ப் பார்த்தால் வளைவுகளின் உள்பக்கத்தில், கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே, தண்ணீர் சின்னச் சின்னக் குட்டையாகத் தங்கியிருக்கும். அதில் கப்பிகள் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஆண்மீனின் வாலில் மட்டும் ஆரஞ்சுப் பொட்டு, கருப்புப் பொட்டு. பிள்ளைக்குக் கை பரபரக்காமல் என்ன செய்யும்!

ஆனால் அது பூங்கா, அந்தக் குட்டையும் பூங்காவுக்குள்தான். பிடிக்கக்கூடாது. என் தலைமுறைக்கு லோங்காங் (வடிகால்) மீன் பிடித்து ஜாம் பாட்டிலில் வளர்த்த நினைவு இருப்பதால் இதைச் சொல்லவே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் விதி அதுதான். பிள்ளையோடு குனிந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குத் தடையில்லை.

இன்னொன்று, இது அபராதத்தைவிட முக்கியம். அந்தப் பூங்காவில் எச்சரிக்கை விளக்கும் சைரனும் சும்மா வைக்கவில்லை. மேலே மழை கொட்டினால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் மளமளவென்று ஏறும். சைரன் கேட்டால் வலை, செருப்பு, பிடித்த மீன் எதையும் எடுக்கத் திரும்பாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

கால்வாய், லோங்காங் எல்லாம் ஆறு கணக்கில் வருமா?

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிக் கால்வாய் ஏதோ ஒரு நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. வேலி தாண்டி ஏணிப்படியில் இறங்கிக் கால்வாய்க்குள் நிற்பது தனிச் சிக்கல். மீன்பிடி விதியே இல்லையென்றாலும் அங்கே இறங்கக்கூடாது. வெயில் நாளில் கணுக்கால் அளவு ஓடும் அதே கால்வாய் ஒரு மழைக்கு ஆளை அடித்துக்கொண்டு போய்விடும்.

அலை இறங்கியதும் தேங்கி நிற்கும் குட்டை? அது கடலா ஆறா?

பாசிர் ரிஸ் பக்கம் சுங்கை அப்பி அப்பி ஓரமாக அலை இறங்கிய நேரத்தில் நின்றால் நன்றாகத் தெரியும். கண்டல் (அலையாத்தி) மர வேர்களுக்கு நடுவே சேறு பளபளக்கும், சேற்றுத் தாவி மீன்கள் கண்ணை மட்டும் மேலே வைத்துக்கொண்டு துள்ளும், பள்ளத்தில் மாட்டிய மடவைக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக ஒரே பக்கம் திரும்பும். சில மணி நேரத்தில் அலை ஏறினால் இந்தக் குட்டையே இருக்காது. அதாவது இது துண்டுபட்டது என்பதே தற்காலிகம். பூங்கா எல்லைக்குள் இருந்தால் பூங்கா விதி, அலை இறங்கியதால் எல்லை இறங்குவதில்லை.

சுங்கை பூலோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே உள்ள குளங்கள் பழைய இறால் பண்ணைக் குளங்கள், மதகைத் திறந்து மூடித் தண்ணீர் மட்டத்தை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும்போது கால் வைக்கச் சேறு வேண்டுமே, அதற்காக. பார்த்தால் கைவிட்ட குளம் மாதிரி அமைதியாகத்தான் தெரியும். ஆனால் 2002 முதல் அது அறிவிக்கப்பட்ட வனப்பகுதி, மேலே சொன்ன 50,000 வெள்ளி இங்கேயும் பொருந்தும். விதிக்குப் பயப்படாதவர்கள் உவர்நீர் முதலைக்காவது பயப்படலாம். அங்கே முதலைகள் இருக்கின்றன, எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது.

ஒதுக்கிய இடத்துக்கே போறேன். மாவு உருண்டை, மண்புழு வைக்கலாமா?

நீர்த்தேக்கம் என்றால் கூடாது, செயற்கை இரை மட்டும்தான். இதில்தான் நம்மாட்கள் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் ஊரில் பழகியதே மாவுதான். கோதுமை மாவில் கொஞ்சம் சோம்பு, கொஞ்சம் வெல்லம், பிசைந்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். கெண்டை வகைக்கு அதைவிட நல்ல இரை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாவு கரைந்தால் தண்ணீர் கெடும், உயிர் இரையோடு வேற்று உயிரினமும் உள்ளே வரும். குடிதண்ணீர் என்று முதலில் சொன்னேனே, அந்தக் கணக்குதான்.

லூர் என்கிற செயற்கை இரையைப் பழகிக்கொள்ளுங்கள். தோமானுக்கும் பீக்காக் பாஸுக்கும் அதுதான் சரி. தோமான் என்பது நம்ம விரால் குடும்பம், ஆனால் பெரிய அண்ணன். குஞ்சு பொரித்த காலத்தில் செக்கச்செவேலென்று ஒரு குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்கி இறங்கும், கீழே அப்பனும் ஆத்தாளும் காவல் காத்தபடி வரும். அப்போது லூர் பக்கத்தில் விழுந்தால் பசிக்கு இல்லை, கோபத்தில் அடிக்கும். அதனாலேயே அந்த நேரம் பார்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, பெற்றோரைத் தூக்கிவிட்டால் மொத்தக் கூட்டத்தையும் மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். இதற்குச் சட்டம் எதையும் நான் காட்டவில்லை, என் அபிப்பிராயம்.

வலை? பூபு என்கிற கூண்டுப் பொறி?

வேண்டாம். ஒதுக்கிய இடம் என்பது தூண்டிலுக்குத்தான் ஒதுக்கியது. கண்டல் ஓரமாகப் போட்டுவிட்டு மறந்துபோகும் வலையில் நண்டு, ஆமை, உடும்பு என்று எல்லாம் மாட்டிச் சாகிறது, நீர்நாய்க்கும் ஆபத்து. விஷம், வெடி வைத்துப் பிடிப்பது மீன்பிடிச் சட்டப்படி தண்டனைக்குரியது, அது ஆறானாலும் சரி, துண்டுபட்ட குட்டையானாலும் சரி. அறுந்த நரம்பையும் கொக்கியையும் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன், போன வாரம் பார்த்த கரை அப்படி இல்லை.

வற்றிக்கொண்டிருக்கும் குட்டையில் மீன் துடிக்குது. எடுத்து ஆற்றில் விடுவது புண்ணியம்தானே?

மனசு நல்ல மனசுதான். ஆனால் வனவிலங்குச் சட்டத்தில் அனுமதியில்லாமல் உயிரினத்தை விடுவிப்பதும் குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் வரலாம். 2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து இதில் கெடுபிடி கூடியிருக்கிறது. புண்ணியத்துக்காக உயிரினங்களை விடும் வழக்கமுள்ள விசாக தினத்தை ஒட்டி நீர்த்தேக்கக் கரைகளில் தொண்டூழியர்கள் நின்று "விடாதீர்கள்" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள்.

காரணம் உண்டு. குட்டையில் மாட்டியது உள்ளூர் மீனா, யாரோ வளர்க்க முடியாமல் கொண்டுவந்து கொட்டியதா என்று நமக்குத் தெரியாது. பீக்காக் பாஸ் தென் அமெரிக்க மீன், இங்கே தானாக நீந்தி வரவில்லை. 2021-ல் மெக்ரிட்சியில் செத்து ஒதுங்கிய ஒன்றை முதலை என்று நினைத்துப் பயந்தார்கள், கடைசியில் பார்த்தால் அலிகேட்டர் கார் மீன், வட அமெரிக்காவிலிருந்து வந்த ஜாதி. துண்டுபட்டு நிற்பதுதான் சில நேரம் நல்லது, அந்த மீன் அங்கேயே நிற்கட்டும். ரொம்ப மனசு கேட்கவில்லையென்றால் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்துக்கு 1800-476-1600 என்ற எண்ணில் அழைத்துச் சொல்லுங்கள்.

ஊரில் கண்மாய் வற்றினால் எல்லாரும் இறங்கிப் பிடிப்போம். இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. தங்கும் விடுதிக்குப் பின்னால் ஒரு கால்வாய், ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு நரம்புக் கட்டை, கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊரிலும் யோசித்துப் பாருங்கள் தம்பி, கண்மாயில் மீன் குத்தகை ஏலம் போகும், குத்தகைதாரர் பிடித்து முடித்து "அழிஞ்சு போச்சு" என்று விட்ட பிறகுதான் ஊர் இறங்கும். அதற்கு முன்னால் இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே குத்தகைதாரர் இடத்தில் கழகம் இருக்கிறது, அழித்துவிடும் நாள் மட்டும் வருவதில்லை. விடுமுறை நாளில் பேருந்து ஏறி ஒதுக்கிய இடத்துக்குப் போய்விடுங்கள். பத்து வெள்ளி லூர் ஒன்று போதும், அபராதத் தாள் ஒன்று கையில் வந்தால் அதைவிடப் பெரிய தலைவலி.

கொண்டோ குளம், கோல்ஃப் மைதானக் குளம்?

தனியார் இடம். நிர்வாகம் எழுத்தில் அனுமதி தந்தால் ஒழிய வேண்டாம். காசு கட்டி மணிக்கணக்கில் இறால் பிடிக்கும் குளங்கள், மீன் பிடிக்கும் குளங்கள் இருக்கின்றன. அங்கே அந்தக் கடை சொல்வதுதான் விதி, மாவும் வைக்கலாம் இறாலும் வைக்கலாம்.

உரிமம் எடுக்கணுமா? பிடித்ததை விற்கலாமா?

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட உரிமம் தேவையில்லை. தொழிலாகப் பிடிப்பதும் விற்பதும் சிங்கப்பூர் உணவு அமைப்பு உரிமம் கொடுக்கும் விஷயம், அந்தப் பக்கம் போகவேண்டாம்.

மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். அங்கே ஆற்றில் பிடிக்கத் தடைக்காலமாம், பக்கத்தில் துண்டுபட்ட பழைய வளைவில் பிடிக்கலாமா என்று கேட்கிறான்?

அங்கே கேள்வியே வேறு மாதிரி. இங்கிலாந்தில் நன்னீர் மீன்களுக்கு ஆறுகளிலும் ஓடைகளிலும் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம், முட்டையிடும் காலத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக. ஏரி, குளம் போன்ற தேங்கிய நீரில் பெரும்பாலானவற்றுக்கு 1995-ல் தடைக்காலத்தை எடுத்துவிட்டார்கள், பெரும்பாலான கால்வாய்களுக்கு 2000-ல். ஆகவே அந்த ஊரில் "இது ஆறா, தேங்கிய நீரா" என்பதுதான் வழக்கே. இங்கே யார் பொறுப்பு என்று கேட்கிறோம், அங்கே எந்த வகைத் தண்ணீர் என்று கேட்கிறார்கள்.

பழைய வளைவு ஒரு முனையிலாவது ஆற்றோடு திறந்திருந்து தண்ணீரும் மீனும் போய்வந்தால் ஆற்றின் பகுதி என்று எண்ணித் தடைக்காலத்தில் தூண்டிலைத் தொடாமல் இருப்பது நல்லது. முழுக்க அடைபட்டு நின்றால் தேங்கிய நீர் என்று வாதிக்க இடமுண்டு, ஆனாலும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிக்குள் இருந்தால் அங்கே தடைக்காலம் இருக்கலாம். கரைக்காரர் அனுமதியும் வேண்டும். தூண்டில் உரிமம் 13 வயதிலிருந்தே கட்டாயம், தனியார் குளமாக இருந்தாலும்கூட. மகனை அங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்பில் அந்த இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள், நண்பர்களைக் கேட்கவேண்டாம்.

அதிகாரி வந்து கேட்டால் "இது ஆறு இல்லையே" என்று சொல்லலாமா?

சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பலன் இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நிறுத்துங்கள், நரம்பைச் சுருட்டுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், அடையாள அட்டை கேட்டால் கொடுங்கள். ஒதுக்கிய எல்லைக்குள்தான் நின்றீர்கள் என்று நினைத்தால் பலகையும் நீங்கள் நின்ற இடமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துவைத்துப் பிறகு கழகத்துக்கு எழுதுங்கள், கரையில் நின்று வாதாடவேண்டாம். சந்தேகமான இடம் என்றால் போவதற்கு முன்னாலேயே படத்தோடு எழுதிக் கேட்கலாம், இது பியூபியுடையதா பூங்காக் கழகத்துடையதா என்று. பதில் வர நாலைந்து நாள் ஆகும், அதுவரை பிடோக் நீர்த்தேக்கத்தில் ஒதுக்கிய கரை இருக்கவே இருக்கிறது, விடியற்காலையில் கூட்டமும் கம்மி.